ஆறு காட்டும் ஆறு

'ஆறு' என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் ஆறு என்பது ஒரு பொருள். வழி என்பது மற்றொரு பொருள். பரிசில் பெற்று வந்தவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் நூல்வகைக்கு ஆற்றுப்படை என்று பெயர் வந்ததும் இந்த இரண்டாம் பொருளினால்தான். முதலாண்டு மாணவரும் தேர்வில் எழுதிவிடும் இச்செய்தியை வாழ்வில் என்றேனும் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டால் நம்மில் பலர் விடை சொல்லத் தயங்குவோம். நாமும் அவ்வாறு தயங்கியவரே.

சென்ற கல்வியாண்டில் நம் துறை மாணவர் சிலர் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் ஒன்று போக வேண்டும் என்று கேட்டு வந்தனர். எங்கே, எவ்வழியே என்று வினவினோம். உடனே ஒருவர் கைப்பேசியை எடுத்தார். இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தார். திரையில் நீலக்கோடு ஒன்று தோன்றியது. "இதுதான் ஐயா வழி" என்றார். வழித்திட்டம் அரை நிமிடத்தில் முடிந்தது. அந்தக் கோடு தொலைவைச் சொன்னது, நேரத்தைச் சொன்னது. போகிறவர் யார் யார் என்று மட்டும் அது கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பயணத்தின் வழியைத் தீர்மானிக்க வேண்டியது குறைந்த தொலைவு அன்று. போகிறவருள் எவருக்குப் போவது மிகக் கடினமோ அவரே அதற்கு அளவுகோல் என்பது நம் கருத்து.

நாம் செய்த பிழை

இக்கருத்தை நாம் நூலிலிருந்து பெறவில்லை, பிழையிலிருந்து பெற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆனித் திங்களில் பதினான்கு மாணவர்களுடன் கன்னியாகுமரிக்கு மிதிவண்டியில் புறப்பட்டோம். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று நான்குவழிச் சாலையிலேயே சென்றோம். அதுவே குறுகிய வழி என்பதால் வேறு வழியை நாம் எண்ணிப் பார்க்கவும் இல்லை. சாலை அகலமானது; ஆனால் பழைய சாலையின் மரநிழல் அதற்கு இல்லை. ஊர்களை விட்டு விலகிச் செல்வதால், தாகம் எடுத்த இடத்தில் தண்ணீர் கேட்க வீடும் இல்லை. பணகுடியைத் தாண்டியதும் மேல்காற்று பக்கவாட்டில் அடித்தது. ஒரு பேருந்து கடந்து சென்ற விசையும் அக்காற்றும் சேர்ந்து ஒரு மாணவரைத் தள்ளிவிட்டன. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இறைவன் அருளால் அதற்கு மேல் ஒன்றும் நேரவில்லை.

அப்பகுதி முழுவதும் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாகக் காற்று அங்கே பாய்ந்து வருகிறது என்பதால்தான் அவற்றை அங்கே நட்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான காற்றாலைகள் கைநீட்டிச் சொன்ன செய்தியை நாம் படிக்கத் தவறினோம். பிழை சாலையினுடையதன்று, மாணவருடையதும் அன்று, நம்முடையது.

இன்னொரு பிழையும் உண்டு. அதை நாம் பிழை என்று உணரவே நெடுநாள் ஆயிற்று. அப்பயணத்திற்கு மாணவியர் எவரையும் நாம் அழைக்கவில்லை. "அந்த வழி அவர்களுக்கு ஆகாது" என்று நமக்குள் முடிவு செய்திருந்தோம். சென்ற ஆண்டு அந்த நீலக்கோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வகுப்பின் பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: "எங்களுக்கு ஆகாத வழின்னு சொல்றீங்க ஐயா; ஆகுற வழி எதுன்னு யாராவது பார்த்தீங்களா?"

நம்மிடம் விடை இல்லை. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே பின்வருவன.

காப்பியம் கற்பிக்கும் பாடம்

விடை நம் பாடநூலிலேயே இருந்தது. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். புகாரிலிருந்து மதுரைக்குக் காவிரிக்கரை வழியே செல்ல வேண்டும். கவுந்தியடிகள் என்ன செய்கிறார்? முதலில் கண்ணகியின் மெல்லிய அடிகளை நினைக்கிறார். சோலை வழியே சென்றால் இன்ன இடர், வயல் வழியே சென்றால் இன்ன இடர் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். கிழங்கு அகழ்ந்த குழிகள் முதல் காலில் மிதிபடும் நண்டும் நத்தையும் வரை எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. மூவருள் நடை பழகாதவர் எவரோ அவரை முன்வைத்தே வழி ஆராயப்படுகிறது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைப் பிரித்துச் சொல்லி, ஒவ்வொன்றின் இயல்பையும் விளக்குகிறான். பாண்டிநாட்டு வெயிலைக் கண்ணகி தாங்கமாட்டாள் என்பதால் இரவில் நடப்பது என்றும் அவர்கள் முடிவு செய்கின்றனர். வழி, காலம், துணை ஆகிய மூன்றும் கண்ணகியைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டன. "பெண்ணை அழைத்துச் செல்ல இயலாது" என்று அங்கே ஒருவரும் கூறவில்லை.

மலைபடுகடாத்தையும் நோக்குவோம். நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்பவன் அரசனின் பெருமையை மட்டும் பேசி நிறுத்துவதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, வழுக்கும் இடம் எது, யானையை விரட்ட எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், எந்த ஊரில் எவர் சோறிடுவர் என்றெல்லாம் சொல்கிறான். தானே நடந்து வந்தவன் என்பதால்தான் அவனால் அவ்வாறு சொல்ல முடிகிறது. நடந்து வந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்வதே வழித்திட்டம். திரையில் தோன்றும் கோடு அதற்குத் துணையாகலாம், அதற்கு ஈடாகாது.

வாப்பாவின் கணக்கேடு

இக்கலையைப் படிக்காமலே அறிந்திருந்த ஒருவரை நாம் வீட்டிலேயே கண்டிருக்கிறோம். எங்கள் வாப்பா மேலப்பாளையத்தில் துணி எடுத்து, மிதிவண்டியின் கேரியரில் மூட்டையாகக் கட்டி, ஆற்றங்கரை ஊர்களில் தவணைக்கு விற்று வந்தார். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வழி. யார் எவ்வளவு தர வேண்டும் என்று குறித்த கணக்கேட்டின் பின்பக்கங்களில் வேறொரு கணக்கும் இருந்தது. எந்த ஊரில் கிணற்று நீர் நல்லது, எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்தக் கால்வாய்க் கரையில் முள் அதிகம், பஞ்சர் ஒட்டுபவர் எந்நேரம் கடை திறப்பார் என்பவை அதில் இருந்தன.

விடியலில் அவர் மேற்கு நோக்கிப் போவார். மாலையில் கிழக்கு நோக்கித் திரும்புவார். இரு வேளையும் வெயில் முதுகில்தான் விழும். "வெயிலை முதுகுல வாங்குனா மூட்டை கனம் தெரியாது" என்பார். மஃரிபுக்குள் வீடு வந்து சேர முடியாத ஊரை அவர் தம் வழியில் சேர்த்ததே இல்லை. எவ்வளவு தொலைவு போகலாம் என்பதை அவர் வீட்டிலிருந்து அளக்கவில்லை. வீடு திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி அளந்தார். நாம் முனைவர் பட்டத்திற்கு முந்திய பட்டம் வரை படித்தும் பணகுடியில் அறியாதிருந்ததை, எட்டாம் வகுப்போடு நின்ற அவர் அறிந்திருந்தார்.

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை

இனி நம் வழியைக் கூறுவோம். தாமிரபரணி பொதிகையில் தோன்றி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் பதினொன்று. இவற்றுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தது. ஏனையவை அதற்கும் முற்பட்டவை. கால்வாய் உள்ள இடத்தில் வயல் உண்டு. வயல் உள்ள இடத்தில் ஊர் உண்டு. ஊர் உள்ள இடத்தில் நிழலும் நீரும் மனிதரும் உண்டு. ஆற்றை ஒட்டிச் செல்கிறவர் நெடுநேரம் தனித்துவிடப்படுவதில்லை. நான்குவழிச் சாலை தர இயலாத பாதுகாப்பு இது. பாபநாசத்திலிருந்து சேர்ந்தபூமங்கலம் வரை நவகைலாயம் என்னும் ஒன்பது சிவத்தலங்களையும் வணங்கிவரும் இந்து அன்பர்கள் இவ்வழியின் பெரும்பகுதியை முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

பழகிய மிதிவண்டியாளர் இத்தொலைவை ஒரே நாளில் கடந்துவிடுவர். பந்தயமல்லாத நெடும்பயணங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிப்போர்க்குச் சான்றிதழ் தரும் அமைப்புகள் இன்று இந்தியாவிலும் உள்ளன. 1891இல் பிரான்சு நாட்டில் தொடங்கிய பாரிசு - பிரெசுட்டு - பாரிசு பயணம் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் கொண்டது. அதனை 90 மணி நேரத்தில் முடிக்கலாம். அங்கும் வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பயணியின் வருகையைப் பதிவு செய்யும் நிலையம் வைக்கிறார்கள். நாமும் பிரிப்போம். ஆனால் நான்கு நாட்களாக, நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேற்படாமல் பிரிப்போம்.

முதல்நாள் பாபநாசத்தில் தொடங்கி, விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் கடந்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், நாகசுர மேதை அருணாசலம் பிறந்த காருக்குறிச்சி வழியாகச் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்திய ஊர் இது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததால் எழுந்த கிளர்ச்சி தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. எவர் உடன் அமர்ந்து உண்பது என்னும் வினா அன்று இவ்வூரில் எழுந்தது. எவர் உடன் பயணம் செய்வது என்னும் வினாவோடு நாம் அங்கே தங்குவோம்.

இரண்டாம் நாள் பத்தமடை, மேலச்செவல், முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் வழியாகப் பாளையங்கோட்டை. பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரையைக் கிழித்து, பட்டுப்போன்ற பாயாக நெய்யும் நம் சமுதாயப் பெண்களின் கைவேலையை மாணவர்கள் காண வேண்டும். மாலையில் கொக்கிரகுளம் சென்று, 1843இல் திறக்கப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தைக் காணலாம். ஓர் அரசு அலுவலர் தம் செல்வத்தைக் கொண்டு கட்டித்தந்த பாலம் அது. 1999 சூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டு ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தொழிலாளர் தரப்பினர் பதினேழு பேர், காவல்துறையின் தடியடிக்குப் பின் ஆற்றில் மாண்டதும் இவ்விடத்தில்தான். ஒரு பாலத்தின் பெருமையைச் சொல்கிறவர் அதன் அருகே நிகழ்ந்த துயரத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

மூன்றாம் நாள் கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர் வழியாக ஸ்ரீவைகுண்டம். ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளை அவை கிடந்த குழியிலேயே காணும்படி 2023இல் காட்சிக்கூடம் திறக்கப்பட்டுள்ளது. சங்க இலக்கியத்தில் தாழியைப் பற்றிப் படிக்கிறவர், கண்ணாடித் தளத்தின் மேல் நின்று அதைக் காண்பது வேறோர் அறிவு.

நான்காம் நாள் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல். இயன்றவர் ஏரல் வழியாகக் கொற்கைக்குச் சென்று வரலாம். முத்துக்குப் பேர்போன அப்பாண்டியத் துறைமுகம் இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஆறு கொணர்ந்த வண்டலே துறையைக் கடலிலிருந்து பிரித்தது. கொற்கை, பின் பழையகாயல், பின் புன்னைக்காயல் என்று துறைமுகம் கடலைத் தேடிக் கிழக்கே நகர்ந்தது. முடிவிடமான புன்னைக்காயல், தமிழ் அச்சுக்கலையின் முன்னோடியாகிய அண்டிரிக் அடிகளார் பணியாற்றிய ஊர். தமிழ்த்துறையின் பயணம் முடிவதற்கு அதனினும் தக்க இடம் வேறுண்டோ? அன்றிரவு காயல்பட்டினத்தில் தங்கி மறுநாள் திரும்பலாம்.

திட்டமிடும் முறை

ஊர்ப்பெயர்களை அடுக்கிவிட்டால் திட்டம் முடிந்துவிடாது. காலம், காற்று, வெயில், தரை என்னும் நான்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது காலம். வடகிழக்குப் பருவமழை ஓயுமுன் இவ்வழியில் செல்லலாகாது. 2023 திசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்கள் தீவுகளாயின. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோன செந்தூர் விரைவுத் தொடர்வண்டியின் பயணிகள் பலர் இரண்டு நாட்கள் அங்கேயே சிக்கினர். சுற்றுவட்டார ஊர் மக்கள் சோறாக்கிக் கொடுத்தனர். ஆகவே பொங்கலுக்குப் பிந்திய தைத் திங்களே ஏற்றது. பிசானப் பயிர் நிற்கும். ஆற்றில் நீர் இருக்கும். வெயில் கடுமையாக இராது.

இரண்டாவது காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று முதுகில் தள்ளும் என்பது உண்மையே. ஆனால் அதன் வேகத்தைப் பணகுடியில் கண்டோம். தையில் வாடைக்காற்று எதிரே வரும். எனினும் விடியலில் அது மெலிந்திருக்கும். மேற்கிலிருந்து கிழக்கே செல்வதால் நிலம் சரிவாக இருக்கிறது. அச்சரிவு எதிர்க்காற்றை ஓரளவு ஈடுசெய்யும்.

மூன்றாவது வெயில். வாப்பாவின் விதிப்படி நோக்கினால், காலையில் கிழக்கே செல்லும் நம் முகத்தில் வெயில் விழும். இது இவ்வழியின் குறை, மறைக்க வேண்டியதில்லை. ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, ஒன்பதரை மணிக்குள் அன்றைய தொலைவில் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். எஞ்சியதை அஸருக்குப் பின், வெயில் முதுகில் விழும்போது கடக்கலாம். இடைப்பட்ட நேரம் உணவுக்கும் ஓய்வுக்கும் தொழுகைக்கும் ஊர்மக்களோடு பேசுவதற்கும் உரியது.

நான்காவது தரை. மேற்பகுதியில் கால்வாய்க் கரைப் பாதைகள் நிழல் தருவன. கீழ்ப்பகுதியிலோ சீமைக்கருவேல முள் டியூபைத் துளைத்துவிடும். அங்கே தார்ச்சாலையே நலம். குரும்பூருக்குத் தெற்கே கைப்பேசி குறுக்குவழி காட்டினால் நம்பவேண்டா, அது தேரி. செம்மணலில் மிதிவண்டியை உருட்டத்தான் முடியும், மிதிக்க முடியாது. கோடு தெரிகிற திரையில் மணல் தெரிவதில்லை.

இவற்றை ஒரு தாளில் எழுத வேண்டும். ஒவ்வோர் ஐந்து கிலோமீட்டருக்கும் குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே, பழுதுபார்க்கும் கடை எங்கே, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, பிரிந்து திரும்பப் பேருந்து எங்கே என்று ஐந்து கட்டங்கள். கழிப்பறை என்னும் கட்டத்தை ஆண்கள் மட்டும் எழுதும் திட்டங்களில் நாம் கண்டதே இல்லை. அது நிரம்பாதவரை மாணவியர்க்கு அவ்வழி ஆகாதுதான். ஆனால் அது வழியின் குறையன்று, திட்டத்தின் குறை. கட்டங்களை நிரப்ப இரண்டு ஆசிரியர்களும் நான்கு மாணவ மாணவியரும் முன்னரே ஒருமுறை பேருந்திலும் நடந்தும் சென்று, ஊராரிடம் கேட்டு வர வேண்டும்.

ஓர் எச்சரிக்கையையும் அத்தாளின் தலைப்பிலேயே எழுத வேண்டும். பயணத்தின்போது எவரும் ஆற்றில் இறங்கலாகாது. மேலே நாம் கூறிய வ.வே.சு. ஐயர் 1925 சூன் திங்களில், மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தது பாபநாசத்தை அடுத்த கல்யாண தீர்த்தத்தில்தான். அழகிய ஆறு இது; ஆழம் சொல்லாத ஆறும் ஆகும்.

பெரியோர் முன் ஒரு விண்ணப்பம்

இனிச் சமுதாயப் பெரியோர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். பெண் பிள்ளைகளை மிதிவண்டியில் நெடுந்தொலைவு அனுப்புவதா என்னும் உங்கள் தயக்கத்தை நாம் எள்ளவில்லை. நமக்கும் மகள் உண்டு. நாமும் தயங்கியதால்தான் அந்த மாணவியின் வினா நம்மைச் சுட்டது. ஆயினும் சில செய்திகளை உங்கள் முன் வைக்கிறோம்.

மேனிலைப் பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியை நம் மாணவியருள் பெரும்பாலோர் ஓட்டியவர்களே. கல்லூரியில் சேர்ந்ததும் அவ்வண்டி வீட்டுத் திண்ணையோரம் துருப்பிடித்து நிற்கிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பெண்கள் கற்றனர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். தொடக்கத்தில் ஏளனம் செய்த ஊர்களே பின்னர் அதனை இயல்பாக ஏற்றன. தண்ணீர் கொண்டுவரவும் விளைபொருள் விற்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அந்த வண்டி பயன்பட்டபோது, ஏளனத்திற்கு இடமில்லாது போயிற்று.

நாம் கேட்பது உரிமை முழக்கமும் அன்று. கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்பதும் அன்று. திட்டத்தில் பங்கெடுங்கள் என்றுதான் கேட்கிறோம். பத்தமடையிலும் மேலப்பாளையத்திலும் ஏரலிலும் காயல்பட்டினத்திலும் நமக்கு உறவினர் இருக்கிறார்கள். இரவு மாணவியர் தங்க எந்த வீடு, உடன் செல்ல எந்தப் பேராசிரியை, எந்தத் தாய்மார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். விருப்பமுள்ள பெற்றோர் ஒருநாள் உடன் வாருங்கள். எந்த இடத்தில் ஐயம் தோன்றுகிறதோ அந்த இடத்தைத் தாளில் சுழித்துக் காட்டுங்கள், அதை மாற்றுவோம். மாற்ற இயலாத இடம் என்றால் அதை நீக்குவோம். ஆனால் அதற்காகப் பயணியை நீக்கவேண்டா.

சுற்றுவழி வீண் என்று நினைப்போர்க்கும் ஒன்று சொல்வோம். கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து இடையன்குடிக்கு வந்தபோது நேர்வழியே வரவில்லை. நீலகிரி வழியாகச் சுற்றி, பெரும்பாலும் நடந்தே வந்தார். மக்களை அறிய வேண்டும் என்பதே அவர் கருத்து. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தையும் 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாற்றையும் எழுதிய கைக்கு, இந்நாட்டை முதலில் அறிமுகம் செய்தவை நடந்த கால்களே.

தைத் திங்களில் முதற்பயணத்தை மேற்கொள்ளலாம் என்று துறையில் எண்ணியிருக்கிறோம். வழித்தாளின் முதற்படி துறை நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதில் பல கட்டங்கள் இன்னும் வெறுமையாகவே உள்ளன. உங்கள் ஊர் அவ்வழியில் இருந்தால் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று எழுதுங்கள். எங்கே முள், எங்கே பள்ளம் என்று எழுதுங்கள். ஆண்டுதோறும் போய் வருகிறவர்கள் திருத்தி எழுதி, அடுத்து வருகிறவர்களிடம் கொடுக்கட்டும். அவ்வாறு எழுதப்படும் தாளுக்கு நாம் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. ஆற்றுப்படை என்னும் பழம்பெயரே போதும்.

பின்வரிசை மாணவி முதல் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். பாபநாசத்தில் மாணவியர் உடைமாற்ற ஓர் இடம் கண்டு, அந்த வீட்டாரிடம் ஒப்புதலும் பெற்று வந்துவிட்டார். அவர் கேட்ட வினாவுக்கு விடை கூற வேண்டிய முறை இப்போது நம்முடையது, உங்களுடையதும் ஆகும்.